பதக்கத்தை அடித்தது யார்? – ஸ்ரீரங்கப்பட்டணம் 1799

பழைய ராணுவப் பதக்கம் ஒன்று உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்திருக்கலாம், பழைய சாமான் கடையில் வாங்கியிருக்கலாம். திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். ஒரு பக்கம் சிங்கம் புலியை அமுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் கோட்டை, புகை, ஓடுகிற சிப்பாய்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஓரத்தில் பொடியாக மூன்று ஆங்கில எழுத்துகள்: சி.எச்.கே. "ஆஹா, பதக்கம் வாங்கியவர் பெயர் கிடைத்துவிட்டது" என்றுதான் முதலில் தோன்றும். அவர் அதை வாங்கியவர் இல்லை. செய்த கம்பெனியின் பெயரும் இல்லை. அச்சைச் செதுக்கிய கலைஞரின் பெயர் அது.

பழைய பதக்கங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் இதுதான். ஒரு பதக்கத்துக்குப் பின்னால் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள். காசு கொடுத்து ஆர்டர் செய்தவர், எஃகு அச்சில் படத்தைச் செதுக்கியவர், அந்த அச்சை வைத்து உலோகத்தில் அடித்துத் தள்ளிய பட்டறைக்காரர். பதக்கத்தில் பெரும்பாலும் பெயர் விட்டுப்போவது நடுவில் உள்ளவர்தான். விக்டோரியா ராணி காலத்துப் பதக்கங்கள் பலவற்றில் ராணியின் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் 'டபிள்யூ. வயன்' என்று இருக்கும். வில்லியம் வயன் லண்டன் ராயல் மின்டின் தலைமைச் செதுக்காளர், 1851 இல் இறந்தவர். அவர் பெயர் இருப்பதால் அவரே உட்கார்ந்து அந்தப் பதக்கத்தை அடித்தார் என்று அர்த்தமில்லை. அவர் இறந்த பிறகும் அவர் செதுக்கிய தலை தொடர்ந்து பயன்பட்டது.

அப்படியானால் அடித்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே சொன்ன சிங்கம்-புலி பதக்கத்தை வைத்தே பார்ப்போம். நம் ஊருக்கும் அதற்கும் நிறைய சம்பந்தம் இருக்கிறது.

1799 மே 4 ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். கோட்டையை முற்றுகையிட்டதில் பெரும் பங்கு ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் போன மதராஸ் படையுடையது. அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்ததுதான் இந்தப் பதக்கம். சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. இதில் ஒரு குசும்பு இருக்கிறது. சிங்கத்துக்கு மேலே பறக்கிற கொடியில் அரபியில் 'அசதுல்லா அல் காலிப்' என்று எழுதியிருக்கும். வெற்றி கொள்ளும் இறைவனின் சிங்கம் என்று பொருள். திப்புவின் ஆயுதங்களில் புலி முக வடிவத்தில் பொறிக்கப்பட்டிருந்த வாசகமே இதுதான். அவருடைய வாசகத்தை எடுத்து, அவருடைய புலியின் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். பின்பக்கத்தில் கோட்டைச் சுவரின் உடைப்பு வழியாகப் படை ஏறுகிறது. உச்சியில் சூரியன் இருக்கிறது, ஏனென்றால் தாக்குதல் நடந்தது பட்டப்பகலில். கீழே பாரசீக எழுத்தில் ஹிஜ்ரி 1213 துல்கஅதா 28 என்ற தேதி.

இவ்வளவு விஷயம் சொல்கிற பதக்கம் தன்னை அடித்த பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சி.எச்.கே. என்பது கான்ராட் ஹைன்ரிக் க்யூக்ளர் என்ற ஜெர்மானியர். 1793 இல் இங்கிலாந்துக்குப் போய், பர்மிங்ஹாமுக்கு அருகே இருந்த சோஹோ பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, 1810 இல் இறக்கும் வரை அங்கேயே அச்சு செதுக்கியவர். இங்கேதான் முதல் துப்பு கிடைக்கிறது. செதுக்காளர் யாரிடம் வேலை பார்த்தார் என்று தெரிந்தால், பட்டறையும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சோஹோவின் முதலாளி மேத்யூ போல்ட்டன். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி என்று சொன்னால் பள்ளிப் புத்தகத்தில் படித்த ஞாபகம் வரலாம். நீராவி எந்திரத்தை மேம்படுத்தியது வாட், விற்றது போல்ட்டன். (நாங்கள் பி.காம். படிப்பவர்கள், எங்களுக்கு ஹீரோ போல்ட்டன்தான் :)) இவர் 1788 இல் சோஹோவில் ஒரு நாணயச்சாலை தொடங்கினார். அதுவரை ஆட்கள் திருகுக் கட்டையைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்த காசை, நீராவியால் அடித்துக் காட்டினார். காசைச் சுற்றி ஒரு எஃகு வளையத்தைப் போட்டு அடித்ததால் ஒவ்வொன்றும் ஒரே அளவில், சரியான வட்டமாக வந்தது. இந்த வளையம் பின்னால் நமக்கு உதவப் போகிறது.

போல்ட்டனின் வாடிக்கையாளர்களில் பெரிய புள்ளி கிழக்கிந்தியக் கம்பெனி. மதராஸ் மாகாணத்துக்காக 1803 லும் 1808 லும் அடித்த செம்புக் காசுகள் சோஹோவில் செய்தவைதான். 'இருபது காசு', 'பத்து காசு' என்ற மதிப்போடு, ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் மதராஸுக்கு டன் கணக்கில் இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை வெளியே எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு, இன்றைக்கு உலகமெங்கும் சேகரிப்பாளர்களின் டப்பாக்களில் பளபளவென்று இருக்கிறது. மதராஸ் சிப்பாய் கடையில் கொடுத்த செம்புக் காசும், அவன் மார்புக்கு வந்த பதக்கமும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

இப்போது ஒரு வேடிக்கையான ஒப்பீடு. போல்ட்டனின் பட்டறையிலிருந்து, க்யூக்ளரின் கையிலிருந்து, ஏறக்குறைய ஒரே அளவில் (48 மில்லிமீட்டர் வாக்கில்) மூன்று பதக்கங்கள் வந்தன. 1798 நைல் சண்டைக்கு ஒன்று, 1799 ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒன்று, 1805 டிரஃபால்கருக்கு ஒன்று. மூன்றின் விளிம்பையும் பாருங்கள்.

நைல் பதக்கத்தை அரசாங்கம் கொடுக்கவில்லை. நெல்சனின் முகவராக இருந்த அலெக்சாண்டர் டேவிசன் சொந்தச் செலவில் செய்து கப்பற்படையினருக்குக் கொடுத்தார். அதன் விளிம்பில் அவர் பெயர் இருக்கும். பெயர் மட்டுமா, செயின்ட் ஜேம்ஸ் ஸ்கொயர் என்று வீட்டு விலாசம்கூட இருக்கும்! விசிட்டிங் கார்டு மாதிரி. டிரஃபால்கர் பதக்கத்துக்குச் செலவு செய்தவர் போல்ட்டனே. எனவே அதன் விளிம்பில் டிரஃபால்கர் வீரர்களுக்கு எம். போல்ட்டன் வழங்கியது என்று இருக்கும். நடுவில் வந்த ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தின் விளிம்பு மொட்டையாக இருக்கிறது. அதற்குப் பணம் கொடுத்தது கம்பெனி, போல்ட்டன் வெறும் சப்ளையர். விளிம்பு என்பது காசு கொடுத்தவனுடைய இடம். சப்ளையர் அதில் கை வைக்க முடியாது. பதக்கம் செய்தவரைத் தேடும்போது 'ஏன் இங்கே பெயர் இல்லை?' என்று கேட்டால், பதில் கலையில் இல்லை, பில்லில் இருக்கிறது.

அந்த பில்கள் இன்றும் இருக்கின்றன என்பதுதான் அதிர்ஷ்டம். போல்ட்டனின் கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், ஆர்டர் விவரங்கள் எல்லாம் பர்மிங்ஹாம் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பதக்கத்தின் மேல் எழுதாத பெயரைப் பேரேடு சொல்லிவிடுகிறது. ஆர்டர் தாளே ஆதாரமாக இருக்கும் கதை இது ஒன்று மட்டுமல்ல. 1880 இல் காபூலிலிருந்து கந்தஹாருக்கு ராபர்ட்ஸ் நடத்திய படைக்குக் கொடுத்த வெண்கல நட்சத்திரத்தை, கந்தஹாரில் பிடிபட்ட பீரங்கிகளை உருக்கிச் செய்தார்கள். செய்தவர்கள் பர்மிங்ஹாமின் ஜென்கின்ஸ் அண்டு சன்ஸ். நட்சத்திரத்தில் அவர்கள் பெயரும் கிடையாது.

சரி, ஆவணம் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருக்கிறது, பதக்கம் நம் கையில் இருக்கிறது. இது உண்மையிலேயே சோஹோவில் அடித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் கருவி, பிளஸ் டூ இயற்பியல் லேபில் நாம் எல்லோரும் திட்டிக்கொண்டே பயன்படுத்திய வெர்னியர் காலிப்பர். இந்தப் பதக்கம் இரண்டு இடங்களில் அடிக்கப்பட்டது. சோஹோ பதக்கம் 48 மி.மீ. கல்கத்தா நாணயச்சாலையிலும் அதே படத்தைப் பார்த்துச் செதுக்கி 45 மி.மீ. அளவில் அடித்தார்கள். கல்கத்தா பதக்கத்தில் செதுக்கல் அவ்வளவு நயமாக இருக்காது. சிங்கத்தின் பிடரி மயிரையும் கோட்டைப் பக்கத்துச் சின்னச் சின்ன உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

48 உம் இல்லை, 45 உம் இல்லை, நடுவில் நிற்கிறது என்றால்? இங்கேதான் உஷாராக வேண்டும். நல்ல பதக்கத்தை அச்சாக வைத்து மணலிலோ மெழுகிலோ வார்ப்பு எடுத்துப் போலி செய்வார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், செம்புக் கலவையென்றால் ஒன்று, ஒன்றரை சதவீதம். 48 மி.மீ. பதக்கத்தின் வார்ப்புப் பிரதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டராவது குறைந்துவிடும். எஃகு வளையத்துக்குள் அடித்த பதக்கங்கள் தங்களுக்குள் இவ்வளவு மாறாது என்பதால்தான் இந்த அரை மில்லிமீட்டருக்கு மதிப்பு. வார்ப்பில் இன்னும் சில அடையாளங்கள் உண்டு. விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு, அல்லது அதை மறைக்க அரம் போட்ட கீறல். எழுத்தின் ஓரங்கள் கூராக இல்லாமல், தேய்ந்த சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். மேற்பரப்பில் காற்றுக் குமிழி விட்ட ஊசிக் குழிகளும் இருக்கலாம்.

குழியா, மேடா என்பது முக்கியம். அச்சு எஃகால் ஆனது, வருடக்கணக்கில் கிடந்தால் துருப்பிடிக்கும். துரு அச்சில் குழி பறிக்கும். அந்த அச்சை மறுபடி எடுத்து அடித்தால் உலோகம் அந்தக் குழிக்குள் புகுந்து, பதக்கத்தில் வேர்க்குரு மாதிரி மேடான புள்ளிகள் வரும். எனவே பதக்கத்தில் குழி என்றால் அது வார்ப்பாகவோ அரிப்பாகவோ இருக்கலாம். மேடான பருக்கள் என்றால் அச்சு உண்மையானது, அடித்த காலம் பிந்தியது. இது வெறும் கற்பனை இல்லை. 1850 இல் சோஹோ நாணயச்சாலை ஏலத்தில் கலைக்கப்பட்டது. அங்கிருந்த பழைய அச்சுகள் பலவற்றை லண்டனைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற அச்சுத் தொழிலாளி வாங்கிவைத்துக்கொண்டு, சேகரிப்பாளர்களுக்காக சோஹோ காசு மாதிரிகளை மறுபடி அடித்து விற்றார். நாணயம் சேர்ப்பவர்கள் அவற்றை இன்றும் 'டெய்லர் மறுபதிப்பு' என்றுதான் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். துருப்பருக்கள்தான் அவற்றைக் காட்டிக்கொடுப்பவை.

கல்கத்தாவும் சும்மா இருக்கவில்லை. தன்னிடம் இருந்த கம்பெனி காலத்து அச்சுகளை வைத்துப் பிற்காலத்தில் கேட்டவர்களுக்குப் பதக்கங்களை மறுபடி அடித்துக் கொடுத்திருக்கிறது. 1795-96 இல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையைப் பிடித்ததற்காகக் கொடுத்த கம்பெனிப் பதக்கம் மொத்தம் தங்கத்தில் 2, வெள்ளியில் 121, அவ்வளவுதான். வங்காளப் பீரங்கிப் படைக்காரர்களுக்கு மட்டும் போனது. சந்தையில் ஒன்று கண்ணில் பட்டால், அது அந்த 123 இல் ஒன்றா, அதே அச்சில் பின்னால் அடித்ததா என்ற கேள்வி உடனே வர வேண்டும். இரண்டையும் செய்தது ஒரே நாணயச்சாலை, ஒரே அச்சு. 'யார் செய்தது' என்பதற்குப் பதில் ஒன்றுதான். ஆனால் ஒன்று ஒரு பீரங்கிக்காரனுக்குக் கொடுத்தது, இன்னொன்று யாருக்கும் கொடுக்காதது. என்னைக் கேட்டால் மறுபதிப்பைப் போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலைக்கு வாங்கவும் மாட்டேன்.

கல்கத்தாவையும் இங்கிலாந்தையும் பிரித்துப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1829 இல் கல்கத்தாவில் புது நாணயச்சாலை ஓட ஆரம்பித்தபோது, அதில் இருந்த நீராவி எந்திரங்களே போல்ட்டன்-வாட் கம்பெனி அனுப்பியவைதான். 1908 இல் தொடங்கிய இந்தியா ஜெனரல் சர்வீஸ் பதக்கத்தை லண்டனிலும் அடித்தார்கள், கல்கத்தாவிலும் அடித்தார்கள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம். தலையில் தொங்கு கம்பியைப் பிடித்திருக்கும் நகத்தைப் பார்க்க வேண்டும். லண்டன் பதக்கத்தில் அது பூ வேலைப்பாடோடு இருக்கும், கல்கத்தா பதக்கத்தில் சாதாரணமாக இருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்துக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் அது வளையமே இல்லாமல் வட்டத் தகடாகத்தான் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் அவரவர் தட்டானிடம் போய்க் கொக்கி வைத்துக்கொண்டார்கள். கொக்கியைப் பார்த்துப் பட்டறையைக் கணிப்பது, சட்டைப் பொத்தானைப் பார்த்து மில்லைக் கணிப்பது போல.

கடைசியாக உலோகம். இந்தப் பதக்கம் பதவிக்கு ஏற்ப ஐந்து விதமாக வந்தது. ஜெனரல்கள் போன்ற மேல்மட்டத்துக்குத் தங்கம். கர்னல், மேஜர் போன்றவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. கேப்டன், லெப்டினன்ட் ஆகியோருக்கு வெள்ளி. அதற்குக் கீழே ஹவில்தார் போன்றவர்களுக்கு வெண்கல நிறம் ஏற்றிய செம்பு. சாதாரண சிப்பாய்க்கு ஈயம். வெள்ளைக்கார சிப்பாய்க்கும் ஈயம்தான், அதில் பாரபட்சம் இல்லை.

ஈயம் என்றதும் காரீயத்தை நினைக்க வேண்டாம், இது வெள்ளீயம். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே உலோகம். ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டு மறந்தவர்களுக்குத் தெரியும் அதன் கதி. 232 டிகிரியில் உருகிவிடும். நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு மென்மை. கொக்கி வைக்கலாம் என்று தட்டான் சூடு காட்டினால் பதக்கமே வழிந்துவிடும், எனவே மேலே ஓட்டை போட்டுக் கயிறு கோத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையில் மிக அதிகமாக அடிக்கப்பட்டது இந்த ஈயப் பதக்கம்தான். இன்று ஓட்டை விழாமல், நெளியாமல், முகம் தேயாமல் ஒன்று கிடைப்பது அபூர்வம். அப்படி ஒரு ஈயப் பதக்கம் புதுசு போலப் பளபளப்பாகக் கிடைத்தால் நான் முதலில் சந்தோஷப்பட மாட்டேன், காலிப்பரைத் தேடுவேன்.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். நூறு வருடம் தாண்டிய இப்படிப்பட்ட பொருள்கள் 1972 ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்தான். வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கிறது என்று தபாலில் அனுப்பிவிட முடியாது. அங்கே ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அதிகாரிகளின் வெள்ளியும் தங்கமும்தான். அவற்றில் சிலவற்றில் விளிம்பிலோ வெற்றிடத்திலோ அதிகாரியின் பெயர் இருக்கும். அவரே காசு கொடுத்துப் பொறித்துக்கொண்டது.

சிப்பாய்ப் பதக்கத்தில் அப்படிப் பெயர் எதுவும் இல்லை. 1815 வாட்டர்லூ சண்டைக்குக் கொடுத்த பதக்கத்தில்தான் பிரிட்டிஷ் அரசு முதன்முதலாகக் கடைசி சிப்பாய் வரை எல்லோருக்கும் ஒரே வெள்ளியில், விளிம்பில் பெயர் அடித்துக் கொடுத்தது. கம்பெனியின் பழைய இந்தியப் போர்களுக்காக 1851 இல் பெயரோடு ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது. ஆனால் அது 1803 முதல் 1826 வரை நடந்த சண்டைகளுக்கு, அதுவும் உயிரோடு இருந்து விண்ணப்பம் போட்டவர்களுக்கு மட்டும். 1799 அதில் சேரவில்லை. எனவே ஸ்ரீரங்கப்பட்டணத்து ஈயப் பதக்கத்தைக் கையில் எடுத்தால், செதுக்கியவர் யார் என்று சொல்லிவிடலாம். அடித்த பட்டறை, அதன் முதலாளி, அவர் எழுதிய கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் திருச்சிக்காரரா, வேலூர்க்காரரா, தெலுங்கரா என்பதைச் சொல்ல அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

இன்னொன்று. போர் முடிந்தது 1799. சோஹோ பதக்கங்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது 1808 இல், ஒன்பது வருடம் கழித்து. நடுவில் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, அங்கே வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களில் ஒருவரை மன்னர் என்று அறிவித்து, மைசூர்க் கொடியை ஏற்றியிருந்தார்கள். அது நடந்து இரண்டு வருடத்தில், அதே மதராஸ் படையின் சிப்பாய்களுக்காக சிங்கம் புலியை அமுக்கும் ஈயத் தகடுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.